மடித் தண்ணீர்

விண்படையின் வழங்கல் துறைக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில், படிக்கட்டை ஒட்டிய முதல் அறைதான் தண்ணீர்ப் பிரிவு. அங்கே ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில் வருடக்கணக்காக ஒட்டிக்கொண்டிருந்தவரை எல்லோரும் 'கூட்டல் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை அவரே மறந்திருப்பார் என்று பிரிவில் கேலி பேசுவார்கள்.

அவர் வேலை என்னவென்று சொல்வது சுலபம். ஆகாயத்தில் மூலைக்கு ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும் போர்க்கப்பல்களில் எதற்கு, எப்போது, எவ்வளவு தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்வார். இதைக் கேட்டதும், "போர்க்கப்பலுக்கு எதுக்குங்க அவ்வளவு தண்ணி, குளிக்கவா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அப்படிச் சிரித்தவர் அன்றைக்குச் சீக்கிரம் வீடு போய்ச் சேர முடியாது. கப்பல் நகர்வதே தண்ணீரால்தான் என்று ஆரம்பிப்பார் கூட்டல் சார். உலையில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பின்னால் பீய்ச்சினால்தான் கப்பல் முன்னால் போகும். பீரங்கி சுட்டுச் சூடானால் தணிக்கத் தண்ணீர். குடிக்க, சமைக்க, சுவாசிக்கிற காற்றைப் பிரித்தெடுக்கத் தண்ணீர். இது போதாதென்று, ஆட்கள் இருக்கும் அறைகளைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். சூரியனிலிருந்து வரும் கதிர்வீச்சு உடம்பைத் துளைக்காமல் காப்பது அந்த நீர்ச்சுவர்தான். தொட்டித் தண்ணீரைச் செலவழிக்கலாம், சுவர்த் தண்ணீரைத் தொடக்கூடாது. படையில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூட அது தெரியும்.

அவருக்குக் 'கூட்டல்' என்று பேர் வந்ததற்குக் காரணம் கிடங்கு அதிகாரிகள். கப்பலுக்கு ஒருவர் இருப்பார். தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்று வாராவாரம் தகவல் அனுப்புவது அவர் பொறுப்பு. எந்தக் கிடங்கு அதிகாரியும் உள்ளதை உள்ளபடி சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. அரைத் தொட்டி இருந்தால் கால் தொட்டிதான் என்று மூக்கால் அழுவார். மிச்சத்தை, மடியில் காசு செருகி வைப்பது போல, சத்தமில்லாமல் ஒளித்துக்கொள்வார். தலைமையகம் கைவிட்டாலும் வீடு திரும்ப ஒரு வழி வேண்டுமே என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை. அந்த ஒளித்த தண்ணீருக்குப் படையில் 'மடி' என்றே பேர். மடி இல்லாத கப்பலில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த கேப்டன்கள் உண்டு.

வழங்கல் துறைக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். அவர்கள் குறைத்துச் சொல்வார்கள், இவர்கள் கூட்டிக்கொள்வார்கள். இரண்டு தரப்பும் முகத்தை அப்பாவி போல வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டின. வாய்விட்டுக் கேட்பது மட்டும் கிடையாது. கேட்டால் பதில் எழுத்தில் வரும், எழுத்தில் வந்தால் கணக்கில் ஏறும், கணக்கில் ஏறினால் மடி போய்விடும். அப்புறம் அந்தக் கப்பல்காரன் ஆயுசுக்கும் இந்தப் பிரிவை மன்னிக்க மாட்டான். அதனால் எந்த அதிகாரி எவ்வளவு ஒளிப்பார் என்பதை மனசுக்குள்ளேயே கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டலில் நம்மவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பழைய கப்பல் ஒன்றில் ஓர் அதிகாரி இருந்தார். அனுப்புகிற ஒவ்வொரு தகவலிலும் உலகமே முடிந்துவிட்டது போலப் புலம்புவார், பிரிவில் அவருக்கு 'ஒப்பாரி' என்று பேர். அவர் புலம்பலின் நீளத்தைப் பார்த்தே மடி எவ்வளவு என்று கூட்டல் சார் சொல்லிவிடுவார். கப்பல் திரும்பி வந்தபின் அளந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அலுவலகத்தில் இப்படிப் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தால் வேறு வாய். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

"அத்தனை பேரும் புளுகு மூட்டை. ஒருத்தன்... ஒரே ஒருத்தன் இருக்கறத இருக்கற மாதிரி சொன்னாப் போதும். அவன் கால்ல விழுந்து கும்பிடுவேன்."

"முதல்ல சாப்பிடுங்க. அப்புறம் விழலாம்" என்பாள் மனைவி.

இதையெல்லாம் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வளர்ந்தாள் அவர்களுடைய ஒரே மகள். வீட்டில் அவள் எப்போதும் பாப்பாதான், முப்பது வயதை நெருங்கியபோதும். அவளுக்குப் பொய் வரவே வராது. ஒழுக்கம், கொள்கை என்று பெரிய வார்த்தை எதுவும் இல்லை. சிலருக்குப் பாட்டு வராதே, அதுபோல. ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்த அத்தை கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் எளைச்சிருக்கேன் இல்ல?" என்று கேட்டாள். "இல்ல அத்தை, போன தடவைக்கு இப்ப கொஞ்சம் பெருத்திருக்கீங்க" என்றாள் பாப்பா. அத்தை அப்புறம் வெகுநாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கூட்டல் சார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவள் விண்படையில் கிடங்கு அதிகாரியாகவே சேர்ந்தாள். அவளுக்குக் கிடைத்த கப்பலை வரைந்தது சொந்தத் தாய்மாமா. கூட்டல் சாரின் மனைவிக்கு அண்ணன், எதிர்க் கட்டடத்தில் கப்பல் வடிவமைப்புப் பிரிவில் இருந்தார். தான் வரைந்த கப்பலைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். பாப்பா புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் தட்டையும் டம்ளரையும் நகர்த்தி வைத்து அவளுக்குக் கப்பலை விளக்கினார்.

"இந்த டம்ளர்தான் தொட்டி. இந்தத் தட்டு விளிம்பு நீர்ச்சுவர். பழைய கப்பல்ல ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நான் நடுவுல ஒரு குழாய் வச்சிருக்கேன். உயிர் போற நேரம்னா, சுவர்த் தண்ணிய இழுத்து உலைக்கு விடலாம்."

"சுவரத் தொடக்கூடாதுன்னு விதியே இருக்கு மச்சான்" என்றார் கூட்டல் சார்.

"தொடச் சொல்லல மாப்ள. வழி இருக்கட்டும்னு வச்சேன். முதல்ல கிடங்குப் பக்கச் சுவர்தான் காலியாகும். அங்க யாரு படுத்துத் தூங்கப் போறாங்க? பொருள்தானே கெடக்கும்."

"குழாய யார் மாமா திறப்பாங்க? மோட்டாரா?" என்று கேட்டாள் பாப்பா.

"மோட்டார் வச்சா எடை கூடுது, அதுக்கு மின்சாரம், அதுக்கு ஒரு உதிரி மோட்டார்... கையால சுத்தற பம்ப்தான். கிடங்குலயே இருக்கு."

பாப்பா தலையாட்டிவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, நான் இருக்கறதத்தான் சொல்லி அனுப்புவேன். எனக்கு மடியெல்லாம் கிடையாது. நீங்க எதுவும் கூட்ட வேண்டாம்."

"கேப்டன் உன்ன விடமாட்டார் பாரு" என்று சிரித்தார் அவர். ஆனால் மறுநாள் அலுவலகத்தில் நாலு பேரிடமாவது இதைச் சொல்லிப் பூரித்துப்போனார். எம்பொண்ணு பொய் சொல்ல மாட்டா என்று சொல்லும்போது அவருக்குக் கழுத்து ஒரு அங்குலம் நீளும்.

முதல் வருடம் தொல்லை இல்லை. பாப்பாவின் கப்பல் தளத்துக்குப் பக்கத்திலேயே காவல் சுற்றிக்கொண்டிருந்தது. வந்து போகும்போதெல்லாம் தொட்டியை நிரப்பிக்கொண்டார்கள், யாரும் எதையும் கூட்டவோ கழிக்கவோ தேவைப்படவில்லை. பிறகு எல்லைப் பக்கம் சண்டை சூடுபிடித்தது. கப்பலை வெளிவட்டத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தூரத்தில் தண்ணீர் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்க ஒரே ஒரு தண்ணீர்க்கப்பல்தான் இருந்தது. கிழட்டு மாடு போல அசைந்து அசைந்து போகும்.

சோதனை ஒரு காலை வேளையில், டீ ஆறுவதற்குள் வந்தது. இரண்டு போர்க்கப்பல்கள் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்டிருந்தன. ஒன்று ஒப்பாரி இருந்த பழைய கப்பல். கால் தொட்டிகூட இல்லை, நாங்கள் செத்தோம் என்று வழக்கம்போலப் பெரிய புலம்பல். இன்னொன்று பாப்பாவின் கப்பல். 'கால் தொட்டிக்குச் சற்று மேல் இருக்கிறது. தண்ணீர் வேண்டும்' என்று இரண்டே வரி. தண்ணீர்க்கப்பலில் ஒரு தொட்டிக்குத்தான் சரக்கு இருந்தது. இரண்டு போர்க்கப்பல்களும் எதிரெதிர்த் திசையில் நின்றன. மத்தியானத்துக்குள் எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் போனால் மறுபக்கம் போக மாதங்கள் ஆகும்.

ஒப்பாரியைக் கூட்டுவது கூட்டல் சாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. புலம்பலைக் கழித்து மடியைச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குத் தொட்டி இருக்கும். பாப்பா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் அவள் கப்பலில் அதைவிடக் குறைவு, தண்ணீர் அவளுக்குத்தான் போக வேண்டும். எல்லாக் கப்பலுக்கும் கூட்டுவது போல அவளுக்கும் மடியைக் கூட்டினால் அவளிடம் அரைத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடும், தண்ணீர் ஒப்பாரிக்குப் போக வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

அவர் விரல் பாப்பாவின் இரண்டு வரியின் மேல் நின்றது. அந்த நேரம் பார்த்துப் பிரிவின் தலைவி, எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அந்த அம்மா, அவர் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், இதுல ஒண்ணு உங்க பொண்ணு கப்பல் இல்ல?"

"ஆமா மேடம்."

"சங்கடமா இருந்தா சொல்லுங்க. பக்கத்துப் பிரிவுல யாரையாவது பார்க்கச் சொல்றேன். இதுல தப்பா நினைக்க ஒண்ணுமில்ல."

மேடம் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் அறையில் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டல் சாருக்குக் காது மடல் சூடானது. இத்தனை வருடத்தில் அவரைப் பார்த்து ஒருவர்கூட, இவன் ஆளைப் பார்த்துக் கொடுக்கிறவன் என்று சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவார்களோ?

"எனக்கென்ன சங்கடம் மேடம்? எல்லாக் கப்பலும் எனக்கு ஒண்ணுதான்" என்றார்.

சொல்லிவிட்டார். அப்புறம் அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி நடந்தாக வேண்டியிருந்தது. மனசு பக்கத்தில் உட்கார்ந்து நியாயம் பேசியது. பாப்பா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இதற்குள் கேப்டன் அவளைப் பழக்கியிருக்க மாட்டாரா? ஊரெல்லாம் ஒளிக்கும்போது அவள் மட்டும் எப்படி ஒளிக்காமல் இருப்பாள்? அப்படியே உண்மைதான் என்றாலும், எம்பொண்ணு சொன்னால் அப்படியே நம்புவேன், மற்றவன் சொன்னால் பொய் என்பேன் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? இப்படி வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. நிஜம் என்னவென்றால், அவள் சொன்னது உண்மை என்று அவருக்குத் தெரியும். அத்தையிடம் பெருத்திருக்கிறாய் என்று சொன்ன பெண் தண்ணீர் விஷயத்தில் பொய் சொல்வாளா? தெரிந்தும் கூட்டினார். எல்லோருக்கும் கூட்டுகிற அதே அளவு, ஒரு துளி குறைக்காமல் கூட்டினார்.

தண்ணீர்க்கப்பலை ஒப்பாரி பக்கம் திருப்பச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். எதிர் மேசைக்காரர் எழுந்து வந்து தோளில் தட்டினார். "நீங்க நீங்கதான் சார். எனக்கா இருந்தா கை நடுங்கியிருக்கும்" என்றார். அந்தப் பாராட்டு அவருக்கு அப்போது இனித்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகமாக வெட்கப்பட்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "பாப்பா கப்பல்லேர்ந்து ஏதாவது சேதி உண்டா?"

"உண்டு, உண்டு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"தண்ணி?"

"அதான் நான் இருக்கேனே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனார். தட்டில் போட்டது பாதி அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து வெளிவட்டத்துத் தகவல் வரும்போதெல்லாம் அவர் முதலில் பாப்பாவின் கப்பலைத்தான் தேடினார். தண்ணீர்க்கப்பல் ஒப்பாரியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் தொட்டி பாதிக்கும் மேல் நிறைந்திருந்ததால் கொண்டுபோன தண்ணீரில் பாதியைக்கூட இறக்க முடியவில்லை. அவரும் தம் பங்குக்கு மடியைப் போன தடவையைவிடப் பெருக்கியிருந்தார். ஒப்பாரியிடமிருந்து வந்த நன்றித் தகவலின் கடைசி வரியில், இதுவும் போதாது, இன்னும் கொஞ்சம் அனுப்பினால் புண்ணியமாகப் போகும் என்று எழுதியிருந்தது. பிரிவில் எல்லோரும் சிரித்தார்கள். கூட்டல் சார் எழுந்து வெளியே போய், படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாப்பாவின் கப்பலை எதிரிக் கப்பல் ஒன்றைத் துரத்தச் சொன்னார்கள். துரத்தியது, சண்டை போட்டது, ஜெயிக்கவும் செய்தது. பீரங்கியைத் தணித்தே தண்ணீர் போய்விட்டது. திரும்பி வரத் தண்ணீர் இல்லை. போதாக்குறைக்குச் சூரியப் புயல் வரப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. அதற்கப்புறம் பல நாள் கப்பலிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை.

கப்பல் திரும்பிக்கொண்டிருக்கிறது என்ற சேதியைக் கொண்டுவந்தவர் மச்சான்தான். எதிர்க் கட்டடத்திலிருந்து ஓடி வந்தவர், தண்ணீர்ப் பிரிவு வாசலிலேயே மேல்மூச்சு வாங்க நின்றார். கூட்டல் சார் வெளியே வந்தார். இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"வந்துட்டிருக்காங்க மாப்ள. அத்தனை பேரும் உயிரோட."

கூட்டல் சார் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "உங்க குழாயா?"

"என் குழாய்தான்." மச்சானின் குரலில் சந்தோஷம் இல்லை. "சுவர்த் தண்ணிய உலைக்கு விட்டுத்தான் வராங்க. புயலும் அந்த நேரத்துலதான் அடிச்சிருக்கு. ஆளுங்கள எல்லாம் சுவர் நெறைஞ்ச பக்கத்துக்குத் தள்ளிட்டாங்க. ஒண்ணும் ஆகல."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

"கிடங்குச் சுவர்தான் முதல்ல காலியாகும். பம்பும் கிடங்குலதான் இருக்கு. கையால சுத்தணும். எவ்வளவு நேரம் சுத்தணும்னு நான் யோசிக்கவே இல்ல மாப்ள. குழாய வரைஞ்சேன், பம்ப வரைஞ்சேன். அதுக்குப் பக்கத்துல நிக்கற ஆள வரையல."

"யார் சுத்தினது?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று அவருக்கே தெரிந்தது. கிடங்கில் வேறு யார் நிற்பார்கள்? மச்சான், வயதானவர், தங்கை மகளைத் தோளில் போட்டுத் தூக்கி வளர்த்தவர், படிக்கட்டில் போகிறவர் வருகிறவர் பார்க்க விக்கி விக்கி அழுதார்.

மனைவியிடம் கூட்டல் சார் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. மேடம் வந்து கேட்டது, தான் சொன்ன பதில், எதிர் மேசைக்காரர் தோளில் தட்டியதுவரை சொன்னார். அவள் கத்துவாள், கையில் இருப்பதைப் போட்டு உடைப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை.

"அவ சொன்னது பொய்யின்னு நெனைச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப?"

அவள் எழுந்து உள்ளே போனாள். அதற்கப்புறம் ஏங்க என்று அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு வைத்தால் தட்டுச் சத்தம் கேட்கும், அவர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

துறையில் விசாரணை என்று ஒன்று நடந்தது. நாலு பேர் ஒரு நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வழக்கப்படிதான் கூட்டினீர்களா என்று கேட்டார்கள். வழக்கப்படிதான் என்றார். மகள் கப்பல் என்று தெரிந்தும் பாரபட்சம் காட்டவில்லை இல்லையா என்று கேட்டார்கள். காட்டவில்லை என்றார். அவர்களுக்குப் பரம திருப்தி. இப்படிப்பட்டவர்களால்தான் துறைக்குப் பெருமை என்று அதில் மூத்தவர் கையைக் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவர் அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

பாப்பாவை இரண்டு மாதம் தளத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தலையில் முடி இல்லை. உதடு வெடித்திருந்தது. ஆனால் தானே நடந்து வந்தாள், தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டபோது, "மெதுவாம்மா, எலும்பெல்லாம் வலிக்குது" என்றாள்.

அவள் கேட்கட்டும் என்று கூட்டல் சார் காத்திருந்தார். அவள் கேட்கட்டும், நான் சொல்லிவிடுகிறேன். தானாக ஆரம்பிக்க அவருக்குத் தைரியம் இல்லை. நாலைந்து நாள் போயிற்று. ஒருநாள் காலை, வெயில் விழும்படி சாப்பாட்டு மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். மனைவி அடுப்படியில் நின்றாள். பாப்பா கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிக் குடித்தாள்.

"அப்பா, நான் அனுப்பின தகவல் வந்து சேர்ந்துச்சா?"

"சேர்ந்துச்சும்மா."

"முழுசா வந்துச்சா? நடுவுல எதுவும் விட்டுப்போகலையே? நான் கப்பல்ல அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன். வந்து சேராம போயிருக்கும்னு."

அவள் அப்பாவுக்கென்று ஒரு சாக்குத் தேடி வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஆமாம், விட்டுப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுப்படியில் சத்தம் நின்றுவிட்டது.

"முழுசா வந்துச்சு" என்றார். "நான்தான் கூட்டிட்டேன்."

பாப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எவ்வளவு?"

"எல்லாருக்கும் கூட்டற அளவுதான்."

"நான்தான் கூட்ட வேண்டாம்னு சொன்னேனே அப்பா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்கில் எங்கே இடித்தது என்று தேடுகிறவள் போல, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னை நாலு அடி அடித்துவிடு என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அவள்தான் அவரைச் சமாதானம் செய்ய வேண்டிவரும் என்று தோன்றியது.

பிறகு பாப்பாவே பேசினாள்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். அம்மா, நீயும் வா. டாக்டர்கிட்ட நான் நேராவே கேட்டுட்டேன். கதிரு ரத்தம் ஊற எடத்துலயே பட்டிருக்காம். மருந்தெல்லாம் குடுப்பாங்க. ஆனா ரெண்டு வருஷம்தான்னு சொன்னாங்க."

மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டல் சாரின் வாய், அவரைக் கேட்காமலே திறந்தது.

"டாக்டருங்க எப்பவும் அப்படித்தாம்மா. உள்ளத அப்படியே சொல்ல மாட்டாங்க. கையில கொஞ்சம் வச்சுக்கிட்டுத்தான் சொல்வாங்க. ரெண்டுன்னா நாலு இருக்கும், அஞ்சுகூட..."

"அப்பா."

அவர் நிறுத்தினார்.

"அவங்களும் மொதல்ல ஏதோ மழுப்பத்தான் பார்த்தாங்க. நான் விடல. கூட்டாம குறைக்காம சொல்லுங்கன்னு உட்கார்ந்து கேட்டு வாங்கினேன். அதத்தான் உங்ககிட்ட சொல்றேன்." அவள் குரல் முதல்முறையாக நடுங்கியது. "இந்தத் தடவையாவது நான் சொல்றத அப்படியே எடுத்துக்கோங்கப்பா."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. மனைவி அதைப் பார்க்கப் போகவில்லை. கூட்டல் சார் மகளின் முகத்தைப் பார்த்தார். அது எதையும் ஒளிக்கவில்லை.

"ரெண்டு" என்றார்.

"ஆமாப்பா. ரெண்டு."

"சரிம்மா" என்றார் அவர். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.